மஞ்சள் ஏறுகிறதா, இறங்குகிறதா?

திருச்செந்தூர்க் கோயிலில் திருநீற்றைப் பன்னீர் மரத்து இலையில் மடித்துத் தருவார்கள். அந்த இலையில் ஓடும் நரம்பு பன்னிரண்டு, அவை செந்திலாண்டவனின் பன்னிரு கைகள் என்பது நம்பிக்கை. பிராகாரத்தைவிட்டு வெளியே வந்ததும் இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து எண்ணிப் பார்க்கிறவர்கள் உண்டு. பதினொன்றில் நின்றுவிட்டால் விடமாட்டார்கள். திரும்ப முதலிலிருந்து எண்ணுவார்கள். நானும் எண்ணியவன்தான். அப்படிப்பட்ட நான், வீட்டு முற்றத்துத் தொட்டியில் நின்ற வெற்றிலைக் கொடி மஞ்சளடித்தபோது மட்டும் இலையைப் பார்க்காமல் உரக்கடைக்கு ஓடினேன்.

முதல் வாரம் ஒரு பிடி யூரியா. இரண்டாம் வாரம் யாரோ சொன்னார்கள் என்று எப்சம் உப்பு. மூன்றாம் வாரம் தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி. அம்மாவுக்கு வெற்றிலை போடாமல் மதியத் தூக்கம் வராது. அவளுக்காகத்தான் அந்தக் கொடியே. ஒவ்வொரு நாளும் வந்து பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் கடை வெற்றிலையை எடுத்துக்கொண்டு போவாள். நான்காம் வாரம் ஓர் இலையைக் கிள்ளி பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஆத்தூருக்குப் பேருந்து ஏறினேன்.

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், தாமிரபரணிப் பாலத்தை ஒட்டி ஒரு கரையில் ஆத்தூர், மறுகரையில் முக்காணி. கொற்கை, சுகந்தலை, உமரிக்காடு என்று சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரத்துக்குக் காரணம் ஆற்றுத் தண்ணீர்தான் என்று ஊரில் சத்தியம் செய்வார்கள். கொடிக்காலுக்குள் நுழைந்ததும் வெளி வெயில் அறுந்துபோகும். வரிசை வரிசையாக அகத்தி; ஒவ்வொரு அகத்தியிலும் கொடி ஏறி நிற்கும்; வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால். வெற்றிலை திறந்தவெளிப் பயிர் என்று நினைத்திருந்தேன். அது நிழலும் ஈரமும் கேட்கும் அறைப்பயிர். வங்காளத்திலும் ஒடிசாவிலும் மூங்கிலும் தட்டையும் கட்டி, கூரை போட்டு, உண்மையாகவே அறைக்குள்தான் வளர்க்கிறார்கள். நம்மூரில் அந்த அறையை அகத்தி கட்டித் தருகிறது.

பையிலிருந்த இலையை நீட்டினேன். கொடிக்கால்கார அண்ணாச்சி கையில் வாங்கவே இல்லை.

"தம்பி, மஞ்சளு ஏறுதா, எறங்குதா?"

"புரியலையே அண்ணாச்சி."

"அடி எலயில பிடிச்சு மேல போவுதா, கொழுந்துல பிடிச்சுக் கீழ வருதா?"

எந்த இலையைக் கிள்ளினேன் என்பதே எனக்கு நினைவில்லை. அதைச் சொன்னதும் சிரித்தார். "ஆளக் கூட்டியாராம சட்டைய மட்டும் கொண்டாந்த கணக்கால்லா இருக்கு."

அந்த ஒரு கேள்விக்குள் ஒரு பாடப்புத்தகமே இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது.

பச்சை எங்கே போகிறது?

மஞ்சள் புதிதாக வந்து ஒட்டிக்கொள்ளும் நிறம் கிடையாது. இலைக்குள் அது எப்போதும் இருக்கிறது. பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. பச்சையம் கலைந்தால் அடியில் கிடந்த மஞ்சள் தெரியும், பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் முன்பு அடித்த சாயம் தெரிவதுபோல. பச்சைய மூலக்கூற்றின் நடுவில் ஒரே ஒரு மெக்னீசியம் அணு. அதைப் பிடித்துக்கொண்டு நான்கு நைட்ரஜன். ஆகவே நைட்ரஜன் குறைந்தாலும் மெக்னீசியம் குறைந்தாலும் பச்சை போகும். ஆனால் போகிற விதம் வேறு.

செடிக்குள் சில சத்துகள் நடமாடும், சில நடமாடாது. நைட்ரஜன், மெக்னீசியம், பொட்டாஷ் மூன்றும் நடமாடுகிறவை. மண்ணில் பஞ்சம் வந்தால் செடி தன் மூத்த இலைகளில் இருப்பதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். எனவே மஞ்சள் அடியில் தொடங்கி மேலே ஏறும். நைட்ரஜன் குறைவு என்றால் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். மெக்னீசியம் என்றால் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட சதை மஞ்சளாகும். பொட்டாஷ் என்றால் இலை ஓரம் கருகத் தொடங்கும். இரும்பு வேறு சாதி. ஓர் இலைக்குள் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. பஞ்சம் வந்தால் மூத்த இலை செழிப்பாகவே இருக்கும்; புதிதாகப் பிறக்கும் கொழுந்துதான் வெளிறும், அதுவும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். கந்தகக் குறையும் கொழுந்தில்தான் முதலில் காட்டும். ஆனால் அதில் நரம்பும் சேர்ந்தே வெளிறும். இதைத்தான் அண்ணாச்சி ஏறுவது, இறங்குவது என்றார். கோயில் வாசலில் நரம்பு எண்ணுகிற பழக்கத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

இந்தக் கணக்கு வெற்றிலைக்கு மட்டுமானதல்ல. முருங்கை, மல்லிகை, தொட்டியில் நிற்கும் எந்தச் செடிக்கும் இதுவேதான், கஞ்சாவுக்கும்கூட. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். கனடாவிலோ 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். அங்கே விளக்கு வெளிச்சத்தில் அறைக்குள் அதை வளர்ப்பவர்களும் மஞ்சள் இலைக்கு முன்னால் என்னைப்போலவே விழிக்கிறார்கள். சட்டம் எல்லைக்கு எல்லை மாறும், பச்சையம் மாறாது.

இரும்பு விஷயத்தில் இந்தப் பக்கத்து மண்ணுக்கு ஒரு குறும்பு உண்டு. திருச்செந்தூருக்குத் தென்மேற்கே குதிரைமொழித் தேரிக்குப் போய்ப் பாருங்கள். குங்குமத்தைக் கொட்டினதுபோல மணல் மேடு. அந்தச் சிவப்பே இரும்புதான். மணலின் ஒவ்வொரு பருக்கை மீதும் இரும்புத் துரு பூசியிருக்கிறது. ஆனால் துருவைச் செடியால் அப்படியே குடிக்க முடியாது. தண்ணீரில் கரைந்து வந்தால்தான் வேருக்கு ஆகும். மண்ணிலோ கிணற்றுத் தண்ணீரிலோ சுண்ணாம்பு ஏறினால் இரும்பு இன்னும் இறுகிப் பூட்டிக்கொள்ளும். கடற்கரைச் சிப்பி மணலில் வைத்த செடியின் கொழுந்து வெளிறுவதன் ரகசியம் இது. இரும்பின் மேலேயே நின்றுகொண்டு இரும்புக்கு ஏங்கும்.

இலையை விட்டு வேருக்கு

ஆனால் கொடிக்கால்காரர்கள் சத்துக் கணக்கை அதிகம் பேசுவதில்லை. அகத்தி தன் வேர் முடிச்சில் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைக்கிறது. அதுபோக, கிள்ளிக் கட்டி அனுப்புகிற ஒவ்வொரு கவுளியோடும் தோட்டத்து நைட்ரஜன் வெளியே போகிறது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். கவுளிக்கு 100 இலை. வருடம் முழுவதும் கிள்ளினால் எவ்வளவு போகும்! வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு வருடத்துக்கு 150 கிலோ நைட்ரஜன், அதில் பாதி வேப்பம் புண்ணாக்காக. புண்ணாக்கு மெல்லக் கரையும். யூரியாபோல ஒரே நாளில் விருந்து, மறுநாள் பட்டினி என்றிருக்காது.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். கொடிக்காலில் அடி இலை மஞ்சளாக நிற்பதைக் காண்பதே அரிது. கிழமாகும் முன்பே கிள்ளிவிடுகிறார்கள். இலையில்லாத அடித்தண்டையும் வருடத்துக்கு ஒரு தரம் இறக்கி, சுருட்டி, மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். கணுவில் புது வேர் பிடிக்கும், கொடி மறுபடி இளமைக்குத் திரும்பும். வீட்டுத் தொட்டிக் கொடியையோ வாஸ்துவுக்கு வைத்ததுபோல யாரும் தொடுவதில்லை. அதன் அடி இலை வயதாகி மஞ்சளாவது நோயே இல்லை, கிள்ளாததன் விளைவு. நகரத்து அடுக்ககங்களில் மஞ்சளடித்த வெற்றிலைக் கொடிகளில் பாதிக்கு மருந்து, வீட்டில் யாராவது வெற்றிலை போடத் தொடங்குவதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கொடிக்கால்காரர்கள் உண்மையில் பயப்படுகிற மஞ்சள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கொடி முழுக்க ஒரே நேரத்தில் பளபளப்பு இழந்து, இலைகள் தொங்கி, மஞ்சளாகி, சில நாளில் காய்ந்துவிடும். தரையை ஒட்டிய தண்டைக் கீறினால் கறுத்து அழுகியிருக்கும். வாடல் நோய். காரணம் பைட்டோப்தோரா, கிரேக்கத்தில் அந்தப் பேருக்குச் செடியை அழிப்பது என்று பொருள். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுக வைத்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும், மிளகுக் கொடியைத் திடீரென வாட்டுவதும் இதே இனத்தின் உறவுகள்தான். மிளகுக்கு வெற்றிலை தங்கை அல்லவா, குடும்ப நோய் வராமல் போகுமா? இதைப் பூஞ்சை என்றே எழுதுகிறார்கள். நுணுக்கமாகப் பார்த்தால் நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உயிர். இதன் வித்துகளுக்கு இரண்டு வால் உண்டு. தண்ணீரில் நீந்தும். ஒரு பாத்தியில் விழுந்தால் வாய்க்கால் வழியே அடுத்த பாத்திக்கு அதுவாகவே போய்ச் சேரும்.

அதனால்தான் ஐப்பசி முதல் தை வரை கொடிக்காலில் தண்ணீரைக் குறைத்துப் பாய்ச்சச் சொல்கிறார்கள். அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் மாதம் ஒரு முறையாக மூன்று தடவை, கால் சதவீத போர்டோ கலவையைக் கொடியின் தூரில் ஊற்றச் சொல்கிறார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் மயில்துத்தம், 250 கிராம் சுட்ட சுண்ணாம்பு. துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பக்குவம் பார்க்கப் பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை; அப்படியே ஊற்றினால் கொடி வெந்துபோகும்.

இந்தக் கலவையின் பிறப்பே ஒரு வேடிக்கை. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றார்கள். அவர்களை விரட்ட, துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடியில் தெளித்தார்கள். நீலமாக, அருவருப்பாக இருக்கும். அந்தச் சாலையோரக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கண்டார். 1885இல் செய்முறையை வெளியிட்டார். திருடனுக்கு வைத்தது நோயை விரட்ட உதவியது. வெற்றிலையை வாயில் போடுவதால் நமக்கு ஒரு கூடுதல் நிபந்தனை: தூரில் ஊற்றலாம், கிள்ளப்போகிற இலையில் அடித்துவிட்டு உடனே கிள்ளக் கூடாது.

வேரில் இன்னொரு களவாணி உண்டு, நூற்புழு. கொடி வளராமல், இலை சிறுத்து, மெல்ல மஞ்சளாகும். உரம் போட்டால் நாலு நாள் தெளியும், திரும்ப மங்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். இதற்கும் வேப்பம் புண்ணாக்குதான், ஹெக்டேருக்கு ஒரு டன். அல்லது நிழலில் உலர்த்திய எருக்கிலை இரண்டரை டன். பிள்ளையாருக்குப் போக மிச்சமிருக்கும் எருக்கு இங்கே இப்படி வேலைக்கு ஆகிறது. அகத்தியின் முடிச்சு செல்வம், கொடியின் முடிச்சு நோய். இரண்டையும் பிடுங்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

தண்ணீர் வருகிற திசை

பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்த்தால் இந்தக் கதையின் மீதி தெரியும். ஆற்றின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. தென்கால் கடம்பாகுளத்தையும் மற்றக் குளங்களையும் நிரப்பிக்கொண்டு திருச்செந்தூர் வட்டாரம் வரை வருகிறது. மிச்சம் ஆறாக ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. இந்தக் கடைமடையில் நல்ல தண்ணீர் மேற்கிலிருந்து வரவேண்டும். வரத்து குறைந்தால் கிழக்கிலிருந்து உப்பு ஏறும். உப்பு ஏறிய இலை நுனியிலும் ஓரத்திலும் தீய்ந்து, பிறகு மஞ்சளாகும். அதைப் பார்த்துப் பொட்டாஷ் குறை என்று எண்ணி உரம் வைத்தால், உரமும் ஒருவகை உப்புத்தானே, நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த மண்ணே ஆறு கொண்டுவந்து போட்டதுதான். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையில் இன்று கடலைக் காண முடியாது. பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. கப்பல் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கொடிக்கால். கொற்கை தூர்ந்தபின் அதன் இடத்தைப் பிடித்த துறைமுகம் காயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ அந்தக் காயலைப் பற்றி எழுதும்போது, ஊர்க்காரர்கள் எந்நேரமும் வாயில் ஓர் இலையை அடக்கிக்கொண்டிருப்பதை வியந்து சொல்கிறார். அதன் பெயர் தெம்பூல் என்கிறார்; நம் தாம்பூலம்தான். ஒருவனை அவமதிக்க வேண்டுமென்றால் மென்ற இலையை அவன் முகத்தில் துப்புவார்கள், அவன் அரசனிடம் போய்ச் சண்டைக்கு அனுமதி கேட்பான் என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் காயல், ஆற்றுமுகத்துப் பழையகாயல்தான் என்று பிஷப் கால்டுவெல் கருதினார். முத்துக் குளிப்பு ஓய்ந்துவிட்டது. மார்கோ போலோ பார்த்த இலை மட்டும் அதே ஆற்றங்கரையில் இன்னும் கிள்ளப்படுகிறது.

2023 டிசம்பர் 17ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. எங்கள் ஊரான திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறத்தாழ 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஆற்றங்கரையின் நெல்லும் வாழையும் கொடிக்காலும் நீருக்குள் கிடந்தன.

வெள்ளம் வடிந்தபின் தோட்டங்கள் மஞ்சளான கதை வினோதமானது. தண்ணீருக்குள் நின்ற செடி, தண்ணீர் இல்லாத செடியைப்போலவே வாடும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேர் திணறும், உறிஞ்சுகிற வேலையை நிறுத்திவிடும். மண்ணிலிருந்த நைட்ரஜனில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போகும். இன்னொரு பகுதியைக் காற்றில்லா மண்ணின் நுண்ணுயிர்கள் வாயுவாக்கிப் பறக்கவிடும். அடி இலை மஞ்சளாகும். கூடவே வாலாட்டி நீந்தும் அந்த வித்துக்கு ஊரே வாய்க்கால். இந்த மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்ற கேள்விக்கே அர்த்தம் போய்விடுகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் முதல் வேலை வடிகால் வெட்டுவது. உரம் அதற்கு அப்புறம்தான். திணறுகிற வேருக்கு உரம் வைப்பது, மூச்சு முட்டிக் கிடப்பவனுக்குச் சோறு ஊட்டுகிற காரியம்.

எல்லா மஞ்சளும் கெட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். காசியில் பச்சை வெற்றிலையைக் கூடையில் அடுக்கி, மூடிய அறையில் கரியடுப்பின் இதமான சூட்டில் வைத்து வைத்து, பச்சையைப் போக்கி வெளிர் மஞ்சளாக்குகிறார்கள். நாவில் வைத்தால் கரையுமாம். பச்சை இலையைவிட அதற்கு விலை அதிகம். ஆத்தூர்க்காரர் தலையில் கைவைக்கிற நிறத்துக்குக் காசிக்காரர் கூடுதல் காசு வாங்குகிறார். நம்மிடமே கற்பூரவெற்றிலை பிறப்பிலேயே இளம் நிறம்தான். அதைக் கறுகறுவென்று ஆக்க உரம் வைத்தால் சுவையும் போகும்.

அண்ணாச்சி கடைசியாகச் சொன்னது இதுதான்: "வீட்டுக்குப் போயித் தொட்டியக் கவுத்துப் பாருங்க தம்பி."

கவிழ்த்தேன். மண் கட்டியாக வந்தது, சாக்கடை வாடையோடு. வேர்கள் தொட்டியின் உள்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடி, அடிப்பக்கம் பழுப்பாகக் கூழாகியிருந்தன. தொட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நான்கு துளை. நான்கிலும் வாங்கும்போது இருந்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. ஒரு மாதம் முழுக்க அதற்குள் என் வீட்டில் ஒரு சின்ன டிசம்பர் வெள்ளம். யூரியா, எப்சம் உப்பு, வாளித் தண்ணீர் எல்லாம் அதற்குள்ளேயே.

மேல்பகுதியில் தெளிவாக இருந்த தண்டை நாலு கணு, ஐந்து கணுவாக வெட்டினேன். மூடியைப் பிடுங்கிய தொட்டியில் ஆற்று மணலும் செம்மண்ணும் மட்கிய சாணமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, நேர் வெயில் படாத முற்றத்து மூலையில் வைத்தேன். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் தண்ணீர். ஒரு மாதத்துக்குமேல் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு காலை, சுருண்டிருந்த கொழுந்து விரிந்தது. வெளிர் மஞ்சளாக.

கொழுந்தில் மஞ்சள், அப்படியானால் இறங்குகிறது, அப்படியானால் இரும்பு. உரக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யோசித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். அம்மா தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கொழுந்து இல்லை.

"நல்ல எளசு" என்றாள், விரல் நுனியில் சுண்ணாம்போடு.